மூன்றரைப் பேர்ச்

மஹ்றூப் காக்கா ஜப்பான் வீடுகளை
உடைத்து உடைத்துப் படித்தவர்.
நகோயாவில் பதினொரு வருடம்,
மஞ்சள் தொப்பி, கடப்பாரை.
என் மேசையில் அவர் வைத்தது
ஒரு ரசீதின் முதுகில்
நீலப் பேனாவால் கீறிய ஒடுங்கிய பெட்டி.

"முதல்ல கழட்டுறது கதவு தங்கச்சி.
கடதாசிக் கதவு, தூக்கினா வந்திரும்.
பிறகு பாய். ஒரு பாய், ஒராள் படுக்கிற நீளம்.
பழைய வீட்டில அறைக்கு அடிக்கணக்கில்ல,
ஆறு பாய், எட்டுப் பாய்.
கடைசியில கல்லு. அதுக்கு மேல
தூண் சும்மா நிக்கும்.
நிலம் ஆடினா அதுவும் ஆடும்."

யுத்தத்துக்குப் பிறகு கட்டிய மாடிகளில்
கடப்பாரைக்கு வேறு சத்தமாம்.
நாற்பது வாசல், ஒரே அச்சு,
குசினிக்குள்ளேயே சாப்பாட்டு மேசை.
நிலத்தில் இருந்து உண்ட சனம்
கதிரைக்கு ஏறியதை
தரையில் பதிந்த நாலு பள்ளத்தில்
இவர் கண்டிருக்கிறார்.
அப்புறம் தொழிற்சாலையில் பிறந்து
லொறியில் வந்த வீடுகள்.
நாலு நாளில் பிரித்து
தகரம் தனி, பலகை தனி, கண்ணாடி தனி.

"முப்பது வருசம். பிறகு வீட்டுக்கு விலையில்ல.
வெறுங்காணிக்குத்தான் காசு."

பென்சிலைக் கீழே வைத்தேன்.
இந்தச் சாய்ந்தமருதில்
வீடென்பது ஒரு பெண்ணின் பெயர்.
உம்மாவின் பதினான்கு பேர்ச்சை
நாலு மகள்மாருக்கு நாலாய்ப் பிளந்து,
மூத்தவளின் சுவரில் இளையவளின் சுவர் உரச,
கடைக்குட்டி நுஸ்காவுக்கு மிஞ்சியது
கடல் பக்கத்து மூன்றரை.

ஒரு பேர்ச்சுக்கு ஏழரைச் சுபோ,
கொஞ்சம் கூட, என்றார்.
ஏழரை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது.
காரைதீவுக்காரிக்கு வராமல் என்ன.
அவருக்கு விளங்கவில்லை.

அவர் கேட்ட வீடு
அவர் உடைக்காத ஒரே வீடு.
இரண்டு கடைகளுக்கு நடுவில்
பன்னிரண்டடி அகலக் கொங்கிறீட்.
தெருவுக்கு ஒரு ஜன்னல் இல்லை.
நடுவில் கூரையே இல்லாத முற்றம்.
அயல்வீட்டைப் பிரித்த மூன்று கிழமையும்
மேலிருந்து எட்டிப் பார்த்தாராம்:
அந்த மனிசி குடையோடு
அறையிலிருந்து குசினிக்குப் போவதை.

"குடை பிடிச்சித் தேத்தண்ணி கொண்டு வாறதா, வாப்பா?"
நுஸ்கா அப்போதுதான் வாய் திறந்தாள்.
மார்கழி மழையை அவருக்கு நினைவுபடுத்தினாள்.
அலுமாரி எங்கே என்று கேட்டாள்.
மாப்பிள்ளை வீட்டார் எங்கே இருப்பார்கள் என்றும்.
அவர் பதில் சொல்லவில்லை,
ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஜப்பான் சொல்லொன்று
இந்த வீதிக்கு முன்பே வந்திருந்தது.
ஞாயிறு காலையில் அதன் பெயர் எவருக்கும் தெரியாது.
திங்கட்கிழமை எல்லார் வாயிலும் இருந்தது.
நுஸ்காவுக்கு அப்போது நாலு வயது.
கதவு உள்ளுக்குத் திறக்கும் கதவு.
தண்ணீர் வெளியில் நின்று தள்ளியது.
அவளை யாரோ ஓட்டைப் பிரித்துத்
தலைமயிரில் தூக்கியெடுத்தார்கள்.
இதை அவள் சொல்லவில்லை.
என் பென்சிலை எடுத்தாள்.

முற்றத்துக்கு நான் போட்டிருந்த
கண்ணாடிக் கூரையை அழித்தாள்.
"திறந்தே கிடக்கட்டும்.
ஆனா இதுக்குள்ளால மேல ஏற
ஒரு படி வெச்சித் தாங்க.
சிமெந்துப் படி.
மேல கதவு வேணாம்.
பூட்டு வேணவே வேணாம்."

மழை உள்ளே வரும் என்றேன்.
"வரட்டும்" என்றாள்.
வாப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

பதினேழு படி, இரண்டடி ஆறங்குலம் அகலம்.
அலுமாரிக்குரிய இடத்தை அது தின்றது.
மாநகரசபைப் படிவத்தில்
உரிமையாளர்: மஹ்றூப் பாத்திமா நுஸ்கா.
திறந்த வெளியின் நோக்கம் என்ன என்று
ஒரு சிறிய கட்டம்.
அதற்குள் அடங்கக்கூடிய ஒரு சொல்லைத் தேடி
"காற்றோட்டம்" என்று எழுதினேன்.